லார்ட்ஸ் மைதானத்தைத் தின்ன பூச்சி

(ஒலி எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

  இன்னிக்கு எபிசோட்ல ராஜா இல்ல, படையெடுப்பு இல்ல, கல்வெட்டும் இல்ல. ஒரு பூச்சி இருக்கு. ஒரு டெஸ்ட் மேட்ச் இருக்கு. அப்புறம் கொஞ்சம் மீனும் இருக்கு. எல்லாத்துக்கும் நடுவுல நான் பண்ண ஒரு முட்டாள்தனம் இருக்கு. அதுலேர்ந்தே ஆரம்பிக்கிறேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ப்ராஜெக்டுக்காக அமெரிக்காவுல சியாட்டில் பக்கத்துல எட்டு மாசம் இருந்தேன். தரைத்தளத்துல வீடு. வாசல்ல ஒரு சின்னத் திண்ணை மாதிரி இடம், அதுக்கு மேல ஒரு வெள்ளை பல்பு, எதிர்ல புல்வெளி. செப்டம்பர்ல ஒரு நாள் ராத்திரி ஆபீஸ் முடிஞ்சு வந்து பாத்தா, கதவைச் சுத்தி சுவர் முழுக்க கொசு. சாதாரண கொசு இல்ல. ஒவ்வொண்ணும் காலை விரிச்சா என் உள்ளங்கை அகலம். முப்பது நாப்பது இருக்கும். சில கொசு பல்புல போய் முட்டி முட்டி விழுது.

ஒரு விஷயம் சொல்லிடறேன். காலேஜ் மூணாவது வருஷம் எனக்கு டெங்கு வந்துச்சு. பிளேட்லெட் இறங்கி, ஆறு நாள் ஆஸ்பத்திரி. அப்பாவும் அம்மாவும் மாத்தி மாத்தி வராண்டாவுல உக்காந்திருந்தாங்க. அதுக்கப்புறம் எங்க வீட்ல கொசுன்னா விளையாட்டு இல்ல. நான் வீடியோ கால் போட்டு சுவரைக் காமிச்சேன். அம்மா ஒரே வார்த்தை: "கதவச் சாத்துடி முதல்ல!"

கதவைச் சாத்திட்டு, ஜன்னல் வழியா யோசிச்சு, பக்கத்துக் கடைக்கு ஓடிப் போய் ஒரு பெரிய பூச்சி ஸ்ப்ரே வாங்கிட்டு வந்தேன். டப்பா காலியாகுற வரைக்கும் அடிச்சேன். காலையில வாசல் பூரா செத்த பூச்சி, தனியா கழண்டு விழுந்த கால்கள். பைப்பைப் போட்டு சுவரையும் தரையையும் நல்லாக் கழுவி விட்டேன். தண்ணி ஓடி, ரோட்டோரம் இருந்த சாக்கடைக் கம்பிக்குள்ள இறங்கிடுச்சு. அந்தக் கம்பிய ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசில திரும்ப வருவோம்.

அன்னிக்குச் சாயங்காலம் வந்து பாத்தா, சுவர் மறுபடி ஃபுல்.

ரெண்டாவது டப்பாவோட நிக்கும்போதுதான் பக்கத்து வீட்டுப் பெரியவர் வெளிய வந்தார். எழுபதைத் தாண்டினவர், இங்கிலாந்துல பொறந்து வளர்ந்து, சின்ன வயசுல வேலைக்காக இங்க வந்தவர். என் கையில இருந்த டப்பாவைப் பாத்தார். "அது கொசு இல்லை. அதுக்குக் கடிக்கவே தெரியாது. விட்டுடுங்க, ரெண்டு வாரத்துல தானா போயிடும்"னு சொன்னார். திரும்பிப் போறப்போ இன்னொண்ணு சொன்னார் பாருங்க, அதுதான் இந்த எபிசோட்: "நீங்க இந்தியாதானே, கிரிக்கெட் பாப்பீங்கல்ல? இதுங்க ஒரு தடவை எங்க லார்ட்ஸ் மைதானத்தையே தின்னிருக்கு."

அன்னிக்கு ராத்திரி நான் தூங்கல. உக்காந்து தேட ஆரம்பிச்சிட்டேன்.

முதல்ல, இது யாரு?

இதுக்கு இங்கிலீஷ்ல பேர் கிரேன் ஃப்ளை. கொக்கு, நாரை மாதிரி நீளக் கால் இருக்கறதால அந்தப் பேர். கொசுவுக்குத் தூரத்துச் சொந்தம், ரெண்டுமே ஈ குடும்பத்தோட ஒரே பெரிய கிளை. ஆனா ரத்தம் குடிக்காது, கடிக்காது, நோய் பரப்பாது. பிரிட்டன்ல இதை 'டாடி லாங் லெக்ஸ்'னு கூப்பிடுவாங்க. அமெரிக்காவுல அதே பேரை வேற ரெண்டு மூணு ஜந்துக்கும் வெச்சிருக்காங்க. 'உலகத்துலயே பயங்கர விஷம் உள்ளது இதுதான், ஆனா பல்லு சின்னது, அதனால கடிக்க முடியாது'ன்னு ஒரு கதை ஸ்கூல் பசங்க நடுவுல சுத்தும். பொய். கிரேன் ஃப்ளைக்கு விஷமே கிடையாது. 'இது கொசுவைப் பிடிச்சுத் தின்னும், அதனால நல்லது'ன்னு இன்னொரு கதை. அதுவும் பொய். வளர்ந்த பூச்சி பெரும்பாலும் எதையுமே சாப்பிடாது, மிஞ்சிப் போனா கொஞ்சம் தண்ணி, கொஞ்சம் தேன்.

ஏன்னா அதுக்கு நேரம் இல்ல. நாம சுவர்ல பாக்குறது அதோட வாழ்க்கையோட கடைசி சில நாள். நம்ம கதைக்குரிய இனம், ஐரோப்பாவுல புல்வெளிகள்ல இருக்குற டிபுலா பாலுடோசா. இது கோடையோட கடைசியில, ஆகஸ்ட் செப்டம்பர் வாக்குல மண்ணுக்குள்ளேர்ந்து மொத்தமா வெளிய வருது. பெண் பூச்சி வரும்போதே வயிறு நிறைய முட்டையோட வருது. வந்த கொஞ்ச நேரத்துல ஜோடி சேருது. முட்டையில பெரும்பகுதிய முதல் ராத்திரியே, தான் வெளிய வந்த இடத்துக்குப் பக்கத்துலயே புல்லுக்கடியில போட்டுடுது. நூத்துக்கணக்குல முட்டை. அப்புறம்தான் வெளிச்சத்தைப் பாத்து நம்ம வாசலுக்கு வருது.

இதைப் படிச்சப்போ எனக்குக் கொஞ்சம் வயித்தைக் கலக்குச்சு. நான் ஸ்ப்ரே அடிச்சதுல பாதிக்கு மேல வேலைய முடிச்சுட்டு வந்ததுங்க. நான் கொன்னதால அடுத்த வருஷம் ஒரு பூச்சி கூடக் குறையப் போறதில்ல.

முட்டை ரெண்டு வாரத்துல பொரியும். அதுலேர்ந்து வர்ற புழுதான் இந்தக் கதையோட நிஜமான ஹீரோ, இல்ல வில்லன். சாம்பல் கலந்த பழுப்பு நிறம், கால் கிடையாது, தோல் அவ்வளவு முரடு. அதனால அதுக்கு 'லெதர் ஜாக்கெட்'னே பேர். மழைக்காலம், பனிக்காலம், வசந்தம்னு மாசக்கணக்கா மண்ணுக்குள்ள இருந்து புல்லோட வேரைத் தின்னும். சூடான ஈரமான ராத்திரியில மேல வந்து தண்டையும் கடிக்கும். வருஷத்துல பத்து மாசத்துக்கு மேல மண்ணுக்குள்ள, சில நாள் மட்டும் நம்ம கண்ணுக்கு முன்னாடி. நமக்குக் கோவம் வர்றது அந்தச் சில நாள்ல.

1935, லண்டன்

இப்போ லார்ட்ஸ். கிரிக்கெட் பாக்காதவங்களுக்காக ஒரு வரி: கிரிக்கெட்டோட சட்டங்களை எழுதுற எம்.சி.சி. கிளப்போட சொந்த மைதானம். இந்தியா தன்னோட முதல் டெஸ்ட் மேட்சை 1932ல ஆடினது இங்கதான். அங்க இருக்குற புல்லுக்கு ஒரு மரியாதை உண்டு.

1935ல அந்தப் புல்லுக்கடியில லெதர் ஜாக்கெட். கொஞ்சம் நஞ்சம் இல்ல. புல்லு திட்டுத் திட்டா செத்துப்போய் மைதானத்துல வழுக்கை விழுந்தது. பராமரிப்பு ஆட்கள் ஆயிரக்கணக்குல புழுவைப் பொறுக்கி எடுத்து எரிச்சாங்க. உலகத்துலயே மதிப்பான புல்தரையில ஆட்கள் குனிஞ்சு புழு பொறுக்கிற அந்தக் காட்சிய யோசிச்சுப் பாருங்க.

புல்லு போனா கிரிக்கெட்டுல என்ன ஆகும்னு சேப்பாக்கத்துல மேட்ச் பாத்து வளர்ந்த நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். வேர்தான் மண்ணை இறுக்கிப் பிடிச்சு வெச்சிருக்கு. வேர் போனா மேல்மண் உதிரும், பந்து பிடிச்சுத் திரும்பும். இங்கிலாந்துக்காரங்க தங்க வீட்டு மைதானத்துல எதிர்பாக்கறது பச்சைப் பசேல்னு புல்லு. அவங்களுக்குக் கிடைச்சது கிட்டத்தட்ட ஒரு சேப்பாக்கம்.

அந்த வருஷம் ஜூன் 29ஆம் தேதி அங்க டெஸ்ட் மேட்ச் ஆட வந்தது தென்னாப்பிரிக்கா. ஹெர்பி வேட் கேப்டன். அந்தக் காலத்துல அந்த நாட்டு அணியில வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்தான் இடம்ங்கறதையும் சேர்த்துச் சொல்லணும், அது இல்லாம அந்த அணியோட வரலாறு முழுசாகாது. 1907லேர்ந்து இங்கிலாந்துக்கு டெஸ்ட் ஆட வந்துட்டு இருக்காங்க. அங்க ஒரு டெஸ்ட் கூட ஜெயிச்சது இல்ல.

அந்த அணியில ஒரு லெக் ஸ்பின்னர். பேர் ஸெனோஃபன் பலாஸ்காஸ். கிரேக்கத்துலேர்ந்து தென்னாப்பிரிக்காவுக்குக் குடியேறின குடும்பத்துப் பையன், வைர நகரமான கிம்பர்லில பொறந்தவர். தென்னாப்பிரிக்கா முதல்ல ஆடி 228. விக்கெட் கீப்பர் ஜாக் கேமரன் 90 அடிச்சார். அடுத்து இங்கிலாந்து 198க்கு ஆல் அவுட், பலாஸ்காஸுக்கு 49 ரன்னுக்கு 5 விக்கெட். ரெண்டாவது இன்னிங்ஸ்ல புரூஸ் மிட்செல் அவுட்டே ஆகாம 164. தென்னாப்பிரிக்கா 7 விக்கெட்டுக்கு 278ல டிக்ளேர். கடைசியில இங்கிலாந்து 151க்குச் சுருண்டது. பலாஸ்காஸுக்கு இன்னும் 4, வேகப்பந்து வீசின லாங்டனுக்கு 4. 157 ரன் வித்தியாசத்துல வெற்றி. அந்தத் தொடர்ல மத்த நாலு மேட்சும் டிரா. அதனால இங்கிலாந்து மண்ணுல தென்னாப்பிரிக்காவோட முதல் டெஸ்ட் வெற்றியே முதல் தொடர் வெற்றியாவும் ஆயிடுச்சு.

'அப்போ பூச்சிதான் மேட்சை ஜெயிச்சுக் கொடுத்துச்சு!' அப்படின்னு ஒரு தம்ப்நெய்ல் போட்டு இந்த எபிசோடை முடிச்சிருக்கலாம். எனக்கும் ஆசைதான். ஆனா யோசிச்சுப் பாருங்க. இங்கிலாந்து அணியும் அதே பிட்ச்லதான் பந்து போட்டாங்க. அதே பிட்ச்ல, அதுவும் மேட்ச் பழசானப்புறம்தான், மிட்செல் 164 அடிச்சார். பூச்சி ஒரு பிட்சைத் தயார் பண்ணுச்சு. அதுல எப்படி ஆடணும்னு ஒரு டீமுக்குத் தெரிஞ்சிருந்தது. புழு மட்டும் ஜெயிச்சதுன்னு சொன்னா அது பலாஸ்காஸோட விரலுக்கும் மிட்செலோட பொறுமைக்கும் பண்ற அநியாயம்.

என்னை நிறுத்தினது ஸ்கோர் இல்ல, வேற ஒரு விவரம். ஆயிரக்கணக்குல புழுவை எரிச்சும், அந்த சீசன் பூரா லார்ட்ஸ் பிட்ச் வழக்கத்தைவிட அதிகமாத் திரும்பிட்டே இருந்தது. ஏன்? கண்ணுல பட்ட புழுவை எடுத்தாச்சு. ஆனா வேர் ஏற்கெனவே போயிடுச்சு. 1935 வசந்தத்துல தெரிஞ்ச புழு, 1934 செப்டம்பர் வாக்குல போட்ட முட்டை. அந்த முட்டை பிழைக்குமா, காயுமான்னு தீர்மானிச்சது அந்தச் சமயத்து ஈரம். முட்டைக்கும் குட்டிப் புழுவுக்கும் வறட்சி ஆகாது. இலையுதிர் காலம் காஞ்சு கிடந்தா கூட்டம் கூட்டமா செத்துப்போகும், நனைஞ்சு கிடந்தா பெருகும். அதாவது பிரச்சினை நடந்தது ஒரு வருஷம் முன்னாடி. அலாரம் அடிச்சது இப்போ.

எங்க வேலையில சர்வர் விழுந்தா 'ரூட் காஸ் என்ன'ன்னு கேப்போம். இங்க நிஜமாவே ரூட்லதான் காஸ். மன்னிச்சுக்கோங்க, இதைச் சொல்லாம என்னால தாண்டிப் போக முடியல.

தவிட்டுல கலந்த விஷம்

கிரிக்கெட் மைதானத்துல இது ஒரு மேட்ச். விவசாயிக்கு இது பொழப்பு. பிரிட்டன்லயும் அயர்லாந்துலயும் மேய்ச்சல் நிலத்தை உழுது கோதுமையோ ஓட்ஸோ விதைச்சா, அந்தப் புல்லுக்கடியில இருந்த லெதர் ஜாக்கெட் மொத்தமும் புதுப் பயிர் மேல விழும். அதனால இந்தப் புழுவை விரட்டுறதுக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கு.

இருபதாம் நூற்றாண்டோட முதல் பாதியில விவசாயிகள் நம்பினது 'பாரிஸ் க்ரீன்'. செம்பும் ஆர்சனிக்கும் சேர்ந்த பளிச்சுன்னு பச்சைப் பொடி. ஒரு காலத்துல இதையே பெயிண்டுக்கும் பயன்படுத்தினாங்க. இதைத் தவிட்டுல கலந்து சாயங்காலம் நிலத்துல தூவுவாங்க. ராத்திரி மேல வர்ற புழு தின்னுட்டுச் சாகும். ஆர்சனிக்ங்கறதால புழுவோட நிக்காது, பறவைக்கும் மண்ணுக்கும் போகும். ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் டி.டி.டி. வந்தது. அதோட கதை உங்களுக்கே தெரியும். அதுக்குப் பின்னால ஆர்கனோபாஸ்பேட்னு ஒரு குடும்பம். அதுல ஒண்ணு குளோர்பைரிஃபாஸ். நம்ம ஊர்ல வீடு கட்டும்போது கரையானுக்கு அடிப்பாங்களே, அதே மருந்துதான். பிரிட்டன்ல 2016ல அதோட பயன்பாட்டை ஏறக்குறைய முழுசா நிறுத்தினாங்க. அப்போ லெதர் ஜாக்கெட்டுக்கு விவசாயிங்க கையில மருந்துன்னு எதுவும் மிஞ்சல.

இந்த வரிசையைக் கவனிங்க. ஒவ்வொரு தடவையும் ஒரு மருந்து வருது, கொஞ்ச காலம் ராஜாவா இருக்கு, அப்புறம் 'ஐயோ இது வேற எங்கேயோ போகுது'ன்னு தெரிய வருது, போயிடுது. புழு மட்டும் அங்கேயே இருக்கு.

கடல் தாண்டி என் வாசலுக்கு

இந்த ஐரோப்பியப் பூச்சி எப்படி சியாட்டில்ல என் சுவருக்கு வந்துச்சு? 1950கள்ல கனடாவோட கிழக்குக் கரையில தென்பட்டது. 1965ல மேற்குக் கரையில, பிரிட்டிஷ் கொலம்பியாவுல. அடுத்த வருஷமே எல்லை தாண்டி வாஷிங்டன் மாநிலம். அங்க இருக்குற பருவநிலை அதுக்குப் பொறந்த வீடு மாதிரி: ரொம்பக் குளிராத பனிக்காலம், ரொம்பச் சுடாத கோடை, நனைஞ்சே கிடக்குற இலையுதிர் காலம். கூடவே, வீட்டுக்கு வீடு புல்வெளி, கோடையில தினமும் தண்ணி.

இங்க தோத்துப் போறதுக்கு டெஸ்ட் மேட்ச் இல்ல. ஆனா செப்டம்பர் ஆனா சுவர் பூரா பூச்சி. 'இது என்னடா'ன்னு ஆரம்பிச்சு, 'புல்வெளிய அழிச்சிடுமாம்'னு காதுல விழுந்ததும், ஜனங்க நான் பண்ணதையேதான் பண்ணாங்க. கடைக்குப் போனாங்க. அந்தக் காலத்துல கடையில ஈஸியா கிடைச்ச மருந்து டயாசினான். இதுவும் அந்த ஆர்கனோபாஸ்பேட் குடும்பம்தான். கிரேன் ஃப்ளைக்கு மட்டும் இல்ல, எறும்புலேர்ந்து பல பூச்சிக்கும் வீட்டுக்காரங்க இதைத்தான் தோட்டத்துல போட்டாங்க.

சியாட்டில்ல மழை பெஞ்சா தண்ணி எங்க போகும்? புல்வெளிலேர்ந்து ரோடு, ரோட்டுலேர்ந்து மழைநீர் வடிகால், அங்கேர்ந்து நேரா ஓடை. நடுவுல பல இடத்துல சுத்திகரிப்பு கிடையாது. 1998ல அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் சியாட்டில் இருக்குற கிங் கவுன்டியில, மழை நேரத்துல நகர ஓடைகள்லேர்ந்து தண்ணி எடுத்துச் சோதிச்சது. 23 பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி கிடைச்சது. அதுல 5, நீர்வாழ் உயிர்களுக்கு வெச்சிருந்த பாதுகாப்பு அளவைத் தாண்டி இருந்தது. டயாசினானும் அதுல ஒண்ணு. கவனிங்க, இது வயல்வெளி இல்ல. வீடுகள். வாரக் கடைசியில தோட்டம் பாக்குற சாதாரண ஜனங்க.

அந்த ஓடைகள்ல இருக்குறது சாமன் மீன். ஓடையில பொறந்து, கடலுக்குப் போய், வருஷக்கணக்குல சுத்திட்டு, முட்டை போட மறுபடி தான் பொறந்த ஓடைக்கே திரும்பும். வழி கண்டுபிடிக்கறது வாசனைய வெச்சு. ஆபத்து வந்தாலும் வாசனைதான் சொல்லும். ஒரு மீன் கடிபட்டா அதோட தோல்லேர்ந்து ஒரு வாசனை தண்ணியில பரவும். மத்த மீனெல்லாம் உடனே அசையாம நின்னுடும், சாப்பிடறதை நிறுத்திடும்.

சியாட்டில்ல இருக்குற மீன்வள ஆராய்ச்சியாளர்கள் 2000ல வெளியிட்ட ஆய்வுல, சினூக் வகை சாமன் மீனை டயாசினான் கலந்த தண்ணியில விட்டுப் பாத்தாங்க. நூறு கோடியில ஒரு பங்குங்கற அளவுலயே, அந்த ஆபத்து வாசனை வந்தும் மீன் பாட்டுக்கு நீந்திட்டு, சாப்பிட்டுட்டு இருந்தது. அளவு கூடினப்போ வீடு திரும்புற பழக்கமும் குலைஞ்சது. மீன் சாகல. பாத்தா நல்லாத்தான் இருக்கு. ஆனா எதைப் பாத்து பயப்படணும்னு அதுக்குத் தெரியல.

அந்த வரியைப் படிச்சிட்டு லேப்டாப்பை மூடி வெச்சேன். எதைப் பாத்து பயப்படணும்னு தெரியாம இருந்தது மீன் மட்டுமா?

அதுக்கு முந்தின வருஷம், 1999ல, அந்தப் பகுதி சினூக் சாமன், அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமா அமெரிக்க அரசோட பட்டியல்ல சேர்ந்திருந்தது. அதுக்கு அணை, காடழிப்பு, அதிக மீன்பிடிப்புன்னு நிறையக் காரணம் உண்டு. ஒரு பூச்சி மருந்து மேல மொத்தப் பழியையும் போட முடியாது. ஆனா வீட்டு உபயோகத்துக்கு டயாசினான் விக்கறதை அமெரிக்கா படிப்படியா நிறுத்தியது. 2004 கடைசியோட கடை அலமாரியிலேர்ந்து போயிடுச்சு.

இதுல எனக்கு வலிச்ச இடம் இதுதான்: பல வீட்ல அந்த மருந்துக்கு அவசியமே இருந்திருக்காது. ஆரோக்கியமான புல்வெளி ஒரு சதுர அடிக்கு 25 புழு வரைக்கும் தாங்கும்ங்கறது அங்க பொதுவா சொல்ற கணக்கு. மண்ணைக் கொஞ்சம் வெட்டித் தூக்கி எண்ணிப் பாத்தா தெரிஞ்சிடும். மைனாவோட சொந்தக்காரப் பறவை ஸ்டார்லிங், இதை விரும்பித் தின்னும். செப்டம்பர்ல புல்லுக்குத் தண்ணி விடறதை நிறுத்தினா முட்டை காஞ்சு போகும். காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம், குழாயை மூடினா போதும். ஆனா சுவர்ல பூச்சியைப் பாத்த பயத்துல, யாரு போய் மண்ணைத் தோண்டி எண்ணுவா?

எண்ணிப் பாத்தவங்க

எண்ணிப் பாத்தவங்களும் இருக்காங்க. அவங்களைச் சொல்லாம முடிச்சா இந்த வரலாறு வெறும் விஷத்தோட வரலாறா போயிடும்.

சார்லஸ் பி. அலெக்ஸாண்டர்னு ஒரு அமெரிக்கப் பூச்சியியல் பேராசிரியர். 1889ல பொறந்து 1981ல இறந்தார். வாழ்க்கை பூரா கிரேன் ஃப்ளை மட்டும்தான். அவர் புதுசா விவரிச்சுப் பேர் வெச்ச இனங்கள் 11,000க்கும் மேல. ஏறக்குறைய எழுபது வருஷ உழைப்பு. வகுத்துப் பாத்தேன், சராசரியா ரெண்டு மூணு நாளைக்கு ஒரு புது இனம். உலகத்துல இப்போ தெரிஞ்ச கிரேன் ஃப்ளை இனங்கள் பதினஞ்சாயிரத்துக்கு மேல, அதுல பெரும்பகுதி அவர் கை பட்டது. அவர் மனைவி மேபல் கூடவே இருந்து குறிப்பு எழுதறது, அட்டவணை போடறதுன்னு பாதி வேலையைச் சுமந்தாங்க.

அவர் உலகம் பூரா போகல. உலகம் பூராவும் இருந்தவங்க பூச்சி பிடிச்சு அவருக்கு அனுப்பினாங்க. அப்படி அனுப்பினவங்கள்ல ஒருத்தர் பி. சூசை நாதன். காரைக்கால் பக்கத்துல குரும்பகரம் அவர் ஊர். நீலகிரி, ஆனைமலை, வாளையாறு காடுன்னு ஏறி இறங்கி அவர் சேகரிச்ச பூச்சிகள் உலகத்தோட பல அருங்காட்சியகங்கள்ல இருக்கு. சின்ன லேபிள்ல அவர் பேரும், குரும்பகரம்ங்கற ஊர்ப் பேரும். பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் தாங்க விவரிச்ச பூச்சிகளுக்கு அவர் பேரையே வெச்சிருக்காங்க. நம்ம மலைகள்ல இருக்குற கிரேன் ஃப்ளைகள்ல பலதும் உலகத்துக்குத் தெரிய வந்தது அவர் வலையில விழுந்ததாலதான்.

ஆமா, நம்ம ஊர்லயும் கிரேன் ஃப்ளை இருக்கு. ஊட்டி, வால்பாறை போனப்போ ரூம் சுவர்ல 'ஐயோ எவ்ளோ பெரிய கொசு'ன்னு நீங்க செருப்பால அடிச்சிருப்பீங்க. நானும் அடிச்சிருக்கேன். மேல சொன்ன ஐரோப்பிய இனம் வேற, இது வேற. நம்ம மலைக்காட்டு இனங்கள்ல பலதோட புழு ஓடைக்கரையிலயும் அழுகின இலையிலயும் வாழும், புல்வெளிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. ஆனா பாத்ததும் நாம பண்றது ஒண்ணுதான்.

அந்தச் சாக்கடைக் கம்பி

சரி, முடிக்கறேன். மறுநாள் சனிக்கிழமை. வாசல்ல வெள்ளை பல்பைக் கழட்டிட்டு மஞ்சள் பல்பு மாட்டினேன். ஜன்னல் வலையில இருந்த ஓட்டையை டேப் போட்டு ஒட்டினேன். பூச்சி நின்னு போகல, ஆனா நல்லாக் குறைஞ்சது. பெரியவர் சொன்ன மாதிரி ரெண்டு வாரத்துல தானா போயிடுச்சு. அம்மாகிட்ட 'அது கொசு இல்லம்மா'ன்னு நம்ப வைக்க மட்டும் மூணு வாரம் ஆச்சு.

அந்த சனிக்கிழமை குப்பை போடப் போனப்போதான் ரோட்டோரக் கம்பியை முதல் தடவையா நின்னு பாத்தேன். அது பக்கத்துல ஒரு சின்ன மீன் படம். 'இது நேரா ஓடைக்குப் போகிறது, எதையும் கொட்டாதீர்கள்'னு எழுதியிருந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போயிட்டு இருந்தேன். நான் அடிச்ச ஸ்ப்ரே டயாசினான் இல்ல, வேற வகை. டப்பாவுக்குப் பின்னாடி பொடி எழுத்துல 'மீன்களுக்கு நச்சு' அப்படின்னு போட்டிருந்தது. ஒரு டப்பா மருந்தை, கடிக்கத் தெரியாத, முட்டை போட்டு முடிச்ச, சாகப் போற பூச்சி மேல அடிச்சு, தண்ணி விட்டுக் கழுவி, அந்த மீன் படத்துக்குள்ள இறக்கியிருக்கேன்.

ஒரு டப்பாவால ஓடை செத்துப் போகாது, தெரியும். கிங் கவுன்டியில தோட்டத்துல மருந்து போட்ட ஒவ்வொருத்தரும் தன்னோட ஒரு டப்பாவைப் பத்தி அப்படித்தான் நினைச்சிருப்பாங்க.

டெங்கு பயம் நிஜம். கொசுவைக் கொல்லணும், தண்ணி தேங்க விடக் கூடாது, அதுல மாத்தம் இல்ல. ஆனா அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு பத்து செகண்ட் பாருங்க. சுவர்ல உக்காந்து காலை அகல விரிச்சு, தொட்டா ஒரு கால் கழண்டு விழுற மாதிரி, தட்டுத் தடுமாறிப் பறக்குதா? அது கிரேன் ஃப்ளை. லைட்டை அணைச்சுட்டுப் படுங்க.

 பூச்சிய அடிச்சவங்க, அடிக்காம விட்டவங்க, ரெண்டு பேரும் கமெண்ட்ல கதை சொல்லுங்க. பெரியவருக்கு ஒரு நன்றி. அப்புறம் அம்மா, இதைக் கேட்டுட்டு இருந்தா, அது நிஜமாவே கொசு இல்லம்மா.